தடுப்பூசி வந்த கதை – 17: செங்கல்பட்டில் தேறாத ஊசி

1955ல் ராஜாஜி பதவியில் இல்லை. முந்தைய ஆண்டு ஏப்ரலில் முதலமைச்சர் நாற்காலியை விட்டு இறங்கியிருந்தார், காமராஜர் வந்துவிட்டார். ஆனால் சும்மா உட்காரும் சுபாவம் அவருக்கு என்றைக்குமே கிடையாது. எழுபத்தாறாவது வயதில் புதிதாக ஒரு சண்டையைக் கையில் எடுத்தார். இந்தத் தடவை அவர் எதிர்த்து நின்றது ஓர் ஊசியை. பி.சி.ஜி. என்று இன்றைக்குப் பச்சைக் குழந்தையைப் பெற்ற வீட்டுக்கெல்லாம் தெரிந்த காசநோய்த் தடுப்பூசி.

அப்போது மத்திய சுகாதார அமைச்சர் ராஜகுமாரி அம்ரித் கௌர். நாடு முழுக்கப் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகக் குழுக்கள் போய்ப் பிள்ளைகளுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தன. உயிருள்ள கிருமியை ஆரோக்கியமான குழந்தைகளின் உடம்பில் லட்சக்கணக்கில் செலுத்துகிறீர்களே, இது பலன் தரும் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டார் ராஜாஜி. மேல்நாட்டு மருத்துவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லாத ஒரு விஷயத்தை இங்கே ஊரோடு செய்து பார்ப்பது சரியா என்றும் கேட்டார். பத்திரிகையில் எழுதினார், மேடையில் பேசினார், சிறு நூலாகவும் போட்டார். சென்னை மாகாணத்தில் பெற்றோர் தயங்க ஆரம்பித்தார்கள். ராஜாஜி சொன்னால் காது கொடுத்துக் கேட்கிற காலம் அது.

மருத்துவ வட்டாரம் அவரைப் பிற்போக்குவாதி என்று ஒதுக்கித் தள்ளியது. அபாயம் என்று அவர் சொன்ன பகுதி மிகையானதுதான். ஆனால் 'அத்தாட்சி எங்கே' என்ற கேள்வி நியாயமான கேள்வி. அதற்குப் பதில் கிடைக்க ஏறக்குறைய கால் நூற்றாண்டு ஆயிற்று. பதில் வந்த இடம் சென்னைக்கு அடுத்த வீடு: அன்றைய செங்கல்பட்டு மாவட்டம்.

முதலில் இந்த ஊசியின் பூர்வீகத்தைப் பார்த்துவிடுவோம். பிரான்சின் வடக்கே லீல் நகரத்தில் பாஸ்டர் நிறுவனத்தின் கிளை. ஆல்பெர் கால்மெத் மருத்துவர். கமிய் கெரென் கால்நடை மருத்துவர். மாட்டுக் காசநோய்க் கிருமியை உருளைக்கிழங்குத் துண்டின் மேல், கிளிசரினும் மாட்டுப் பித்தநீரும் சேர்த்து வளர்த்தார்கள். கிருமிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டி கட்டியாகிவிடுகின்றன, பித்தநீர் சேர்த்தால் பிரியும் என்பதுதான் ஆரம்பத்து யோசனை. அப்படி வளர்த்த கிருமி வீரியம் குறைந்துபோயிருப்பதைத் தற்செயலாகக் கவனித்தார்கள். பிறகு விடவே இல்லை. 1908ல் தொடங்கி மூன்று வாரத்துக்கு ஒரு தரம் பழைய வளர்ப்பிலிருந்து கொஞ்சம் எடுத்துப் புதிய உருளைக்கிழங்குத் துண்டில் இடுவது என்று 13 வருஷம், 230 தடவை. நடுவில் முதல் உலகப் போர் வந்து, லீல் ஜெர்மானியர் கைக்குப் போயிற்று. உருளைக்கிழங்கே கிடைக்காத ஊரில் அந்த வரிசை அறுபடாமல் ஓடியது. கடைசியில் கிடைத்த கிருமி எந்த விலங்கின் உடம்பிலும் நோயை உண்டாக்கவில்லை. 'கால்மெத், கெரென் கண்ட தண்டுக்கிருமி' என்ற பிரெஞ்சுப் பெயரின் முதலெழுத்துகள்தான் பி.சி.ஜி.

1921 ஜூலையில் பாரிஸில் முதல் குழந்தை. தாய் பிரசவித்த சில மணி நேரத்தில் காசநோயால் இறந்துவிட்டாள். வளர்க்கப்போகும் பாட்டிக்கும் அதே நோய். குழந்தையின் தலைவிதி எழுதியாகிவிட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள். அதற்கு வாய் வழியாக மருந்து புகட்டினார்கள். குழந்தை பிழைத்தது.

ஒரு குழந்தை பிழைத்தது கதை. மருந்து பலித்தது என்று நிரூபிக்க அது போதாது. பி.சி.ஜி.யின் முதல் முப்பது வருஷம் முழுக்க இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டதாகவே போயிற்று.

1930ல் ஜெர்மனியின் லூபெக் நகரில் நடந்தது நேர் எதிர்த் திசையில் ஓர் அடி. 250 சொச்சம் பச்சிளங்குழந்தைகளுக்கு மருந்து கொடுத்தார்கள். 72 குழந்தைகள் காசநோய் கண்டு இறந்தன. விசாரணையில் தெரியவந்தது: உள்ளூர் ஆய்வகத்தில் பி.சி.ஜி. வளர்ப்போடு நோய் தரும் அசல் கிருமி கலந்துவிட்டிருந்தது. இரண்டு மருத்துவர்களுக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. பி.சி.ஜி. குற்றமற்றது என்று தீர்ப்பாயிற்று, ஆனால் லூபெக் என்ற பெயர் அடுத்த பல பத்தாண்டுகளுக்கு ஐரோப்பாவைத் தாண்டியும் பயமுறுத்திக்கொண்டே இருந்தது.

இந்தியாவுக்கு இது வந்தது 1948 ஆகஸ்டில், சித்தூர் மாவட்டம் மதனப்பள்ளியில். ஆந்திரா பிரியாத காலம். மதனப்பள்ளி அப்போது சென்னை மாகாணத்து ஊர். அங்கே ஆரோக்கியவரம் என்ற மிஷன் சானடோரியத்தில் முதல் ஊசிகள் போடப்பட்டன. அதே ஆண்டு சென்னை கிண்டியில் பி.சி.ஜி. தயாரிக்கும் ஆய்வகமும் ஏற்பட்டது. திரவ மருந்து; ஐஸில் வைத்து அனுப்பினாலும் சில வாரங்களுக்கு மேல் தாங்காது. ரயில் தாமதமானால் பெட்டியோடு வீண். ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியமும் ஸ்காண்டிநேவிய நாடுகளின் நிவாரண அமைப்புகளும் பண உதவி செய்ய, 1951 முதல் இது நாடு தழுவிய இயக்கமாயிற்று.

ஊசி போடும் விதத்தைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இது மற்ற ஊசிகளைப் போன்றதல்ல. தசைக்குள் குத்தக் கூடாது. தோலுக்கு அடியிலும் போகக் கூடாது. தோலின் அடுக்குக்குள்ளேயே நிற்க வேண்டும். இடது தோளில் தோலை இழுத்துப் பிடித்து, ஊசியின் வாய் மேலே பார்க்க, ஏறத்தாழப் படுக்கைவாட்டில் நுழைப்பார்கள். மருந்து 0.1 மில்லி. சரியாக இறங்கினால் தோல் வெளுத்து, ஆரஞ்சுத் தோலில் தெரிவதுபோல் துளித்துளிப் பள்ளங்களோடு ஒரு கொப்புளம் எழும்பும். எழும்பவில்லையென்றால் ஊசி ஆழமாகப் போய்விட்டது என்று அர்த்தம். கொப்புளம் அரை மணியில் அடங்கிவிடும். சில வாரங்கள் கழித்து அதே இடத்தில் சிறு கட்டி, புண், பொருக்கு, கடைசியில் தழும்பு. புண்ணைப் பார்த்துப் பயந்து மஞ்சள் அரைத்துப் போடும் தாய்மார்களிடம் "ஒன்றும் போடாதீர்கள், தானாக ஆறும்" என்று சொல்வது நர்சுகளின் அன்றாட வேலைகளில் ஒன்று.

போடுவதற்கு முன்னால் இன்னொரு சடங்கு இருந்தது. முன்கையில் டியூபர்குலின் என்ற கிருமிச் சாற்றைச் சிறிதளவு ஏற்றிவிட்டு, மூன்றாம் நாள் வந்து பார்ப்பார்கள். தடித்திருந்தால் அந்த ஆளின் உடம்பு ஏற்கெனவே காசநோய்க் கிருமியைச் சந்தித்திருக்கிறது, ஊசி தேவையில்லை. தடிப்பின் ஓரத்தை விரலால் தடவிக் கண்டுபிடித்து, மில்லிமீட்டர் அளவுகோலை வைத்துப் படிப்பார்கள். சிவப்பைக் கணக்கில் எடுக்கக் கூடாது, தடிப்பை மட்டுமே. இந்த மில்லிமீட்டர் கணக்கு நமக்குப் பிறகு வேண்டும்.

இனி, ராஜாஜி கேட்ட அத்தாட்சிக்கு வருவோம். ஒரு தடுப்பூசி பலிக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரே ஒரு நேர்வழிதான் உண்டு. ஒரே மாதிரியான ஆட்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மருந்தும் மறு பாதிக்கு வெற்றுக் கரைசலோ ஒன்றுமில்லாமலோ விட்டு, வருஷக்கணக்கில் காத்திருந்து நோயாளிகளை எண்ணுவது. பிரிட்டனில் 1950ல் இதைச் செய்யத் தொடங்கினார்கள். லண்டன், பர்மிங்காம், மான்செஸ்டர் வட்டாரங்களில் பள்ளிப் படிப்பை முடிக்கும் பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகள், ஐம்பதாயிரத்துக்கும் மேல். பலன் 80 சதவீதத்தை ஒட்டி வந்தது. பிரமாதம் என்றார்கள். அதே சமயம் அமெரிக்காவின் ஜார்ஜியா, அலபாமா மாநிலங்களில் நடந்த சோதனையில் வந்தது 14 சதவீதம். போர்ட்டோ ரிக்கோவில் 31. பெயர் ஒன்றுதான், ஊருக்கு ஊர் வேறு வேறு விடை. ஊசியின் வகை வேறு என்றார்கள் சிலர். ஆய்வு சரியில்லை என்றார்கள் வேறு சிலர். பிரிட்டிஷ்காரர்களின் 80ஐ மேற்கோள் காட்டிக்கொண்டு உலகம் முழுக்க ஊசி நடந்துகொண்டே இருந்தது.

காசநோய் எங்கே மண்டிக் கிடக்கிறதோ அங்கே, மறு பேச்சுக்கு இடமில்லாத அளவுக்குப் பெரிதாக ஒரு சோதனை நடத்தித் தீர்த்துவிடுவது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், அமெரிக்கப் பொது சுகாதாரத் துறை மூன்றும் சேர்ந்து முடிவு செய்தன. இடம்: சென்னைக்கு மேற்கே, செங்கல்பட்டு மாவட்டத்தில் திருவள்ளூரும் சுற்றியுள்ள கிராமங்களும். இன்றைக்கு அது தனி மாவட்டம். ஆய்வுலகம் மட்டும் இன்றும் 'செங்கல்பட்டுச் சோதனை' என்றே சொல்கிறது.

1968 ஜூலையில் தொடங்கினார்கள். வீடு வீடாகப் போய்த் தலையெண்ணியதில் பதிவானவர்கள் 3,66,625 பேர். அதில் 2,81,161 பேருக்கு ஊசி. பிறந்து ஒரு மாதம் ஆனவர் முதல் கிழவர் வரை எல்லா வயதும். டியூபர்குலின் தடிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஊசி. தடிப்பின் அளவு மட்டும் பதிவேட்டில் ஏறியது. மருந்து இரண்டு வகை: பாரிஸ் வகை, டென்மார்க் வகை. அவற்றில் கூடுதல் அளவு, குறைந்த அளவு என்று இரண்டு. இவற்றோடு வெற்றுக் கரைசல். குப்பிகளில் குறியீடு மட்டும். போடுகிறவருக்கும் தெரியாது, போட்டுக்கொள்கிறவருக்கும் தெரியாது. தழும்பு காட்டிக்கொடுத்துவிடாதா என்று கேட்கலாம். எக்ஸ்ரே படத்தைப் படிக்கிறவரும், மைக்ராஸ்கோப்பில் சளியைப் பார்க்கிறவரும் யாருடைய தோளையும் பார்ப்பதில்லை.

1971 மார்ச்சில் ஊசி போடும் வேலை முடிந்தது. உண்மையான வேலை அதற்குப் பிறகுதான் ஆரம்பம். இரண்டரை வருஷத்துக்கு ஒரு முறை மறுபடியும் அதே வீடுகள், அதே பெயர்ப் பட்டியல். எக்ஸ்ரே வண்டி ஊருக்குள் வந்து நிற்கும். படத்தில் சந்தேகம் இருந்தால் சளி எடுத்து ஆய்வகத்துக்குப் போகும். கிருமி வளர்ந்தால்தான் நோயாளி என்று கணக்கு. இதற்கிடையே கல்யாணமாகிப் போனவர்கள், பிழைப்புக்குச் சென்னைக்குப் போனவர்கள், நடவுக்குப் போனதால் வீட்டில் அகப்படாதவர்கள். இவர்களையெல்லாம் துரத்திப் பிடித்து, பதினைந்து வருஷம் பட்டியலைக் கட்டிக் காப்பாற்றியிருக்கிறார்கள். இந்தத் தொடரில் பாஸ்டரையும் ஜென்னரையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியாயிற்று. பெயர் தெரியாத இந்தப் பட்டியல்காரர்கள் செய்ததும் அதற்குக் குறைந்த விஞ்ஞானம் இல்லை என்பது என் எண்ணம்.

ஏழரை வருஷத்துக் கணக்கு 1979ல் வெளிவந்தது. பி.சி.ஜி. போட்டுக்கொண்டவர்களிலும் வெற்றுக் கரைசல் போட்டுக்கொண்டவர்களிலும் காசநோய் ஏறத்தாழ ஒரே அளவில் வந்திருந்தது. பலன்: பூஜ்யம்.

உலக சுகாதார நிறுவனத்தில் பெரிய கலக்கம். நிபுணர் குழுக்கள் கூடின. மருந்து கெட்டுப்போயிருந்ததா? ஆட்கள் மாறிப்போனார்களா? ஆய்வு ஒழுங்காக நடந்ததா? துருவித் துருவிப் பார்த்தும் பெரிய ஓட்டை எதுவும் அகப்படவில்லை. பதினைந்து வருஷத்து முழுக் கணக்கு 1999ல் அச்சேறியது. தொடக்கத்தில் எக்ஸ்ரே சுத்தமாக இருந்து, டியூபர்குலின் தடிப்பும் 7 மில்லிமீட்டருக்குள் இருந்த 1,09,873 பேரை வைத்துப் போட்ட கணக்கு அது. பெரியவர்களுக்குப் பாதுகாப்பு இல்லை. குழந்தைப் பருவத்தில் போட்டுக்கொண்டவர்களுக்கு 27 சதவீதம், அதுவும் தற்செயலாகவே வந்திருக்கலாம் என்று சொல்லுமளவுக்கு நிச்சயமற்றது.

ஏன்? இதற்குக் காசநோய்க் கிருமியின் போக்கைப் பார்க்க வேண்டும். அம்மை, போலியோ போன்ற வைரஸ்களுக்கு எதிராக ரத்தத்தில் மிதக்கும் எதிர்ப்புப் பொருள்கள் பெருமளவு வேலை செய்கின்றன. கிருமி நுழைந்ததும் பிடித்துக்கொள்ளும். காசநோய்க் கிருமி அந்த வழியில் அகப்படாது. நுரையீரலுக்குள் புகுந்ததும் அதை விழுங்க ஒரு வெள்ளையணு வருகிறது. விழுங்கவும் செய்கிறது. ஆனால் கிருமி சாகாமல் அந்த அணுவுக்குள்ளேயே குடியேறிப் பெருகுகிறது. 'டி' செல்கள் என்ற வேறு வகை அணுக்கள் வந்து, கிருமியை விழுங்கிய அணுவைத் தூண்டிவிட்டால்தான் உள்ளே இருப்பது ஒடுங்கும். பெரும்பாலும் முழுக்கச் சாகாது. அணுக்கள் சுற்றி நின்று கட்டிய சிறு முடிச்சுக்குள் பல வருஷம் அடைபட்டுக் கிடக்கும். சர்க்கரை நோயோ, சத்துக் குறைவோ, முதுமையோ வந்து காவல் தளரும்போது வெளியே வரும். பி.சி.ஜி. செய்வது அந்த 'டி' செல்களுக்கு முன்கூட்டியே ஆளை அடையாளம் காட்டிவைப்பது. அசல் கிருமி முதல் தடவை வரும்போது அது ரத்தத்தில் ஏறி உடம்பெங்கும் பரவாமல் தடுக்க இந்த ஊசி உதவும். ஏற்கெனவே உள்ளே குடியிருக்கும் கிருமியை அதனால் வெளியேற்ற முடியாது.

திருவள்ளூர் வட்டாரத்தில் ஆய்வு தொடங்கியபோதே ஏறத்தாழப் பாதிப் பேரின் உடம்பு அசல் கிருமியைச் சந்தித்தாகிவிட்டது. புதிதாக வந்த நோயாளிகளில் பெரும் பங்கு இவர்களிடமிருந்தே வந்தது. மீதிப் பேருக்கோ இன்னொரு சமாசாரம். மண்ணிலும் தண்ணீரிலும் காசநோய்க் கிருமியின் தூரத்து உறவுக்காரக் கிருமிகள் ஏராளம். நோய் தராத சாதுக்கள். வயலிலும் ஏரியிலும் புழங்கும் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போகும் வயதுக்குள்ளேயே அவற்றோடு பழகிவிடுகிறார்கள். அந்தக் கிருமிகளின் சாற்றைக் கொண்டு சோதித்தபோது செங்கல்பட்டில் பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் அநேகமாக எல்லோருக்குமே தடித்தது. அவர்களுக்கு மண்ணே ஓரளவு பாதுகாப்பைக் கொடுத்துவிட்டது, அதற்கு மேல் பி.சி.ஜி. என்ன கூட்டப்போகிறது என்பது ஒரு விளக்கம். பழகிய உடம்பு பி.சி.ஜி. கிருமியை வேரூன்ற விடாமல் சீக்கிரமே அழித்துவிடுகிறது என்பது இன்னொன்று. இரண்டில் எது என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. குளிர்ப் பிரதேசமான பிரிட்டனில் இந்தச் சாதுக் கிருமிகள் குறைவு. அங்கே வந்த 80 இங்கே வராததற்குக் காரணம் அதுவாக இருக்கலாம். நிலநடுக்கோட்டிலிருந்து தூரம் போகப் போக பி.சி.ஜி. நன்றாக வேலை செய்கிறது என்பதைப் பிறகு மற்ற ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தவர்கள் உறுதி செய்தார்கள்.

அப்படியானால் ஊசியை நிறுத்தியிருக்க வேண்டாமா? இங்கேதான் ஒரு நுணுக்கம். பிறந்து ஒரு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகள் அந்தச் சோதனையில் இல்லை. அங்கே எண்ணியது நுரையீரல் காசநோயை, சளியில் கிருமி காட்டும் பெரியவர் நோயை. கைக்குழந்தைக்குக் காசநோய் வேறு மாதிரி வரும். கிருமி ரத்தத்தில் ஏறி மூளையின் உறையைத் தாக்கும். அல்லது தினை இறைத்தாற்போல் உடம்பெங்கும் பரவும். குழந்தை இருமாது, சளி துப்பாது. காய்ச்சல், வாந்தி, பிறகு நினைவு தப்புதல். பிழைத்தாலும் கண்ணோ காதோ கைகாலோ போய்விடும். செங்கல்பட்டில் எக்ஸ்ரே வண்டி இந்தக் குழந்தைகளைத் தேடவே இல்லை.

அவர்களைத் தேடிப் பார்த்த ஆய்வுகள் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் பல நாடுகளிலிருந்து வந்தன. மூளையுறைக் காசநோய் வந்த குழந்தைகளையும் வராத குழந்தைகளையும் எடுத்துத் தோளில் தழும்பு இருக்கிறதா என்று பார்த்தார்கள். அவற்றைத் தொகுத்துப் போட்ட கணக்கில் பலன் 75 சதவீதத்தை ஒட்டி நின்றது. 2002ல் உலகில் சுமார் 10 கோடிக் குழந்தைகளுக்குப் போட்ட பி.சி.ஜி., அவர்களின் முதல் ஐந்து வயதுக்குள் சுமார் 30,000 மூளையுறைக் காசநோயையும், 11,000க்கு மேற்பட்ட உடம்பெங்கும் பரவும் காசநோயையும் தடுத்திருக்கும் என்று பிறகு மதிப்பிட்டார்கள்.

ஆக, ராஜாஜிக்கும் பாதி வெற்றி, அம்ரித் கௌருக்கும் பாதி வெற்றி. பள்ளிக்கூடப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் போட்ட ஊசியால் ஊரில் காசநோய் குறையும் என்ற நம்பிக்கை பொய்த்தது. இருமும் பெரியவர்தான் நோயைப் பரப்புகிறார்; அவரை இந்த ஊசி காப்பாற்றவில்லை என்றால் பரவலும் நிற்காது. அதற்கு மாத்திரைதான் வழி, அதைச் சானடோரியத்துக்குப் போகாமல் வீட்டிலிருந்தபடியே சாப்பிட்டுக் குணமாகலாம் என்று உலகுக்கு நிரூபித்ததும் சென்னை சேத்துப்பட்டில் 1956ல் தொடங்கிய ஆராய்ச்சி மையம்தான். அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். அரசு பி.சி.ஜி.யைக் கைவிடவில்லை, வயதை மாற்றிக்கொண்டது. இன்றைய அட்டவணைப்படி பிறந்த உடனே ஊசி. ஒரு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 0.05 மில்லி, பழைய அளவில் பாதி. டியூபர்குலின் சடங்கு போய்விட்டது.

இத்தனைக்கும் பிறகு பெரியவர்களுக்கு ஒரு காசநோய்த் தடுப்பூசி இன்னும் இல்லை. 2019 ஜூலையில் அதே மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இரண்டு புதிய ஊசிகளைச் சோதிக்கத் தொடங்கியது. ஒன்று மரபணு மாற்றிய பி.சி.ஜி. ஆறு மாநிலங்களில், வீட்டில் ஒருவருக்குப் புதிதாகக் காசநோய் கண்டிருக்கும் குடும்பங்களில், ஆறு வயதுக்கு மேற்பட்ட சுமார் 12,000 பேர். மூன்று வருஷத்துக்கு மேல் பின்தொடர்வது என்று திட்டம். மூன்றில் ஒரு பங்கு ஆட்களுக்கு இந்த முறையும் வெற்றுக் கரைசல்தான்.